மேட்டுப்பாத்திகளைச் சுற்றிக் கோழிப் பட்டி: வேலி எவ்வளவு உயரம், எத்தனை பிரிவு?

கேள்வி: 4 × 8 அடி அளவில் ஆறு மேட்டுப்பாத்திகள் வைத்திருக்கிறேன். அவற்றைச் சுற்றி எட்டுக் கோழிகளைப் பட்டி மாற்றி மேய்க்க ஆசை. 4 அடி வலை போதுமா? எத்தனை பட்டி வேண்டும்?

பதில்: உடல் கனத்த இனமென்றால் 4 அடி தாங்கும். இலேசான இனங்களுக்கு 6 அடி வேண்டும். ஆனால் உயரத்தைவிட முக்கியமானது வேலியின் மேல்விளிம்பு. கோழி பெரும்பாலும் வேலியை ஒரே தாவாகத் தாண்டுவதில்லை. மேலே ஏறி உட்கார்ந்து அந்தப் பக்கம் இறங்கும். ஆகவே உச்சியில் குறுக்குக் கட்டையோ குழாயோ வேண்டாம். கால் ஊன்ற இடமில்லாத வலை விளிம்பே நல்லது. அப்படியும் பறந்தால் ஒரு பக்க இறக்கையின் நீள இறகுகளை மட்டும் வெட்டுங்கள். இறகு உதிர்ந்து முளைத்ததும் மறுபடி வெட்ட வேண்டியிருக்கும்.

நான்கு பக்கமும் பட்டி போடாதீர்கள். தண்ணீர் ஊற்றப் போகும்போதெல்லாம் கோழிகளுக்கு நடுவே நடக்க நேரும், கேட்டைத் திறந்த நொடியில் இரண்டு உள்ளே நுழைந்துவிடும். முன்பக்கத்தை மனிதருக்கு விடுங்கள். 3 அடி அகலக் கேட் இருந்தால் தள்ளுவண்டியும் போகும்.

நடைபாதைகளோடு உங்கள் தோட்டம் ஏறத்தாழ 22 × 25 அடி வரும். பாத்திக்கும் வேலிக்கும் நடுவே 3 அடி விடுங்கள். இல்லாவிட்டால் சாய்ந்த இலைகளை வலை வழியே கொத்தித் தின்றுவிடும். மீதி மூன்று பக்கத்தில் 16 அடி அகலத்துக்கு நிலம் எடுத்து, இடம், வலம், பின்பக்கம் இரண்டு என நான்காகப் பிரித்தால், ஒவ்வொன்றும் 400 சதுர அடிக்குக் குறையாது. எட்டுக் கோழிக்கு அது போதும்.

கூண்டு பின்பக்கத்தின் நடுவில், பிரிவுக் கோட்டின் மேல் இருக்கட்டும். இரண்டு பின்பட்டிகளுக்கும் நேரடிக் கதவு. பக்கப் பட்டிகளுக்கு வெல்டு மெஷ்ஷை (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த உறுதியான வலையை) வளைத்து, 2 அடி அகலமும் உயரமும் உள்ள சுரங்கவழி செய்யுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 15 அடி வரும். ஓய்வெடுக்கும் பட்டியை மிதிக்காமல் கோழிகள் கடந்துபோக வேறு எளிய வழியில்லை. தோட்ட வேலியை ஒட்டிச் சுரங்கவழியைப் போட்டால் அதுவே ஏறுபடியாகிவிடும். கூண்டின் கூரையும் தீவனப் பெட்டியும் அப்படித்தான். எல்லாவற்றையும் வேலியிலிருந்து 5 அடி தள்ளியே வையுங்கள்.

வலைக்கான செலவை எல்லா இடத்திலும் சமமாகப் பிரிக்க வேண்டியதில்லை. பட்டிகளுக்கு இடையே மெல்லிய வலை போதும்; தொய்வில்லாமல் இழுத்துக் கட்டாவிட்டால் கால் சிக்கும். வெளிவேலிக்கு வெல்டு மெஷ்தான் வேண்டும். அறுகோணக் கண் கொண்ட சாதாரணக் கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், நாயை வெளியே நிறுத்தாது. வலையின் அடியில் 2 அடியை வெளிப்புறமாக மடக்கித் தரையில் படுக்கவைத்து முளையடியுங்கள். தோண்ட வரும் விலங்கு வேலியடியில்தான் தோண்டும், அங்கே கம்பி தடுக்கும். கம்பங்களுக்கு இடையே 8 அடி, மண்ணுக்குள் 2 அடி. மூலைக் கம்பங்களுக்குச் சாய்வு முட்டு கொடுக்காவிட்டால் வலையை இழுக்கும்போதே சாயும். தோட்ட வேலியின் அடியில் ஓரடிப் பலகை பொருத்துங்கள். கோழி சீய்க்கும் மண்ணும் சருகும் நடைபாதைக்கு வராது.

எப்போது பட்டி மாற்றுவது? நாட்காட்டியை நம்பாதீர்கள், புல்லைப் பாருங்கள். மூன்று விரல் உயரத்துக்குக் குறைந்ததும் மாற்றுங்கள். ஒரு சாண் வளரும்வரை திரும்ப விடாதீர்கள். தொடர் மழையில் நான்கு பட்டியையும் சேறாக்குவதைவிட, கூண்டை ஒட்டி மரச்சீவல் கொட்டிய சிறு முற்றத்தில் அடைத்துவைப்பது மேல். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய ஈரம்தான் இரத்தக் கழிச்சலுக்கு நல்ல இடம் கொடுக்கிறது. தொட்டியை அடிக்கடி நகர்த்துங்கள். பட்டிக்கு ஓய்வு கொடுப்பது கிருமியைக் குறைக்கும், ஒழிக்காது.

அறுவடை முடிந்த பாத்தியில் கோழியை விட்டுக் கிளறச் செய்யலாம். ஆனால் மக்காத எச்சத்தில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கக்கூடும். மண்ணைத் தொடும் கீரை, கிழங்கு வகைகளை அதற்குப் பின் 120 நாள் கழித்தே பறியுங்கள். மண்ணைத் தொடாத காய்களுக்கு 90 நாள்.