விளம்பர எழுத்தில் பிழைக்க: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பி.காம். முடித்துவிட்டு தேவகோட்டையில் இருக்கிறேன். சொந்தமாக விளம்பரம் எழுதித் தரும் ஃப்ரீலான்ஸ் காப்பிரைட்டர் ஆக ஆசை. யாரைக் கேட்டாலும் ‘சாம்பிள் அனுப்புங்க’ என்கிறார்கள். வேலையே கிடைக்காதவள் சாம்பிளுக்கு எங்கே போவது?

சாம்பிள் எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம். காரைக்குடி வந்து ஆத்தங்குடிக்கு பஸ் ஏறுங்கள். ஒரு டைல்ஸ் பட்டறையில் சொல்லிவிட்டு அரை நாள் நின்று பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்குவார்கள். அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நிறச் சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் கரை உடையாமல் அப்படியே நிற்கும். அதன் மேல் மணலும் சிமென்ட்டும் போட்டுக் கரணையால் மட்டம் செய்வார்கள். சூளையில் சுடுவதே இல்லை. தண்ணீர்த் தொட்டியில் ஊறி, வெயிலில் காய்ந்துதான் கல் இறுகுகிறது. கடைசியில் கண்ணாடியைப் பிரிக்கும்போது, அதை ஒட்டியிருந்த முகம் வழவழவென்று மின்னும்.

இதைப் பார்த்தபின் ‘பாரம்பரியமும் கலைநயமும் கைகோக்கும் அற்புதப் படைப்பு’ என்று எழுத உங்களுக்கே மனம் வராது. அந்த வரியைப் புடவைக்கும் போடலாம், பித்தளைக் குடத்துக்கும் போடலாம். ‘இந்தத் தரையின் பளபளப்பு பாலிஷ் அல்ல, கண்ணாடி மேல் வார்த்த கல்’ என்ற வரி ஆத்தங்குடிக் கல்லைத் தவிர வேறெதற்கும் பொருந்தாது. காப்பிரைட்டரின் வேலை இதுதான். எழுத உட்காருவதற்கு முன் போய்ப் பார்ப்பதில்தான் அதில் பாதி முடிகிறது.

இதே கல்லுக்கு வாட்ஸ்அப் செய்தி ஒன்று, வெப்சைட்டுக்குப் பத்து வரி, கட்டட இன்ஜினீயர்களுக்கு ஓர் இமெயில் எழுதுங்கள். கண்டாங்கிச் சேலைக்கும் ஒரு பலகாரக் கடைக்கும் இதேபோலச் செய்யுங்கள். மேலே ‘பயிற்சிக்காக எழுதியது’ என்று மறைக்காமல் போடுங்கள். முதலில் அந்தப் பட்டறைக்காரரிடமே காட்டுங்கள். என் முதல் வாடிக்கையாளர் இப்படித்தான் கிடைத்தார்.

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடைக்கு எழுதிக் கொடுத்தேன். ‘நாலு வரிதானே தம்பி’ என்று 200 ரூபாய் நீட்டினார்கள். இனி வார்த்தைக் கணக்கில் கேட்கலாமா?

வேண்டாம். பத்து வரியை நாலாகக் குறைப்பதுதான் கடினமான வேலை. வார்த்தைக்குக் காசு என்றால் நன்றாகச் சுருக்கியவருக்கே நஷ்டம்.

நாள் கணக்குப் போடுங்கள். மாதத்தில் உட்கார்ந்து எழுதக் கிடைக்கும் நாட்கள் எனக்கு 12-ஐத் தாண்டியதில்லை. மற்ற நாட்கள் ஆள் தேடுவதிலும் பேச்சிலும் பில் அனுப்புவதிலும் போய்விடுகின்றன. உங்களுக்கு மாதம் 30,000 ரூபாய் வேண்டுமென்றால் எழுதும் நாள் ஒன்றுக்கு 2,500 ரூபாய் வர வேண்டும். கடைக்குப் போய்ப் பேசி, பார்த்து, எழுதித் திருத்த அரை நாள் பிடித்தால் 1,250. ‘நாலு வரிக்கா?’ என்பார்கள். ‘அரை நாள் வேலைக்கு’ என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கட்டுப்படியாகாது என்று ஒருவர் சொன்னால் தொகையைக் குறைக்காமல் வேலையைக் குறைத்துக் கொடுங்கள்.

சாட்ஜிபிடி வந்துவிட்டதே, இந்தத் தொழில் இன்னும் நிற்குமா?

பார்க்காமலே எழுதும் எழுத்து நிற்காது. அதை இப்போது யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆத்தங்குடிப் பட்டறையில் நிற்க சாட்ஜிபிடிக்குக் கால் இல்லை.

கவுனி அரிசி விற்கும் வாடிக்கையாளர் ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும்’ என்று போடச் சொல்கிறார். மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயம்.

போனால் போகட்டும், எழுதாதீர்கள். படிப்பவர் நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு. சட்டமும் இடம் தராது. நோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்தும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. நோய் இருக்கட்டும், உணவு விளம்பரங்களுக்கென்று 2018-இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணைய (எஃப்எஸ்எஸ்ஏஐ) விதிகள் ‘பாரம்பரிய’ என்ற சொல்லுக்கே வரையறை வைத்திருக்கின்றன: செய்முறை பெரிதாக மாறாமல் குறைந்தது 30 ஆண்டுகள் புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

மறுப்பதோடு நிறுத்தாமல் மாற்று வரியைக் கையில் கொண்டு போங்கள். கவுனியை இரவே ஊறப்போட்டால் காலையில் தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறியிருக்கும். வெந்ததும் சீனி, தேங்காய்ப்பூ, நெய் சேர்த்துக் கிளறினால் கல்யாண வீட்டு இலையே கண்முன் வந்துவிடும். ‘ஆச்சி வீட்டுப் பந்தியில் முதலில் தீரும் இனிப்பு’ என்று சொல்லிப் பாருங்கள். நோயைப் பற்றிப் பேசாமலே அரிசி விற்கும்.

ஒரு தங்கும் விடுதிக்கு வெப்சைட் முழுவதும் எழுதினேன். நாலு மாதமாகப் பணம் வரவில்லை. எழுத்து மட்டும் அவர்கள் தளத்தில் ஏறிவிட்டது.

இந்த வலி எனக்குத் தெரியும். முதல் வருடம் வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு வாய்ப்பேச்சை நம்பி ஐந்து வாரம் எழுதினேன். ஒரு ரூபாய்கூட வரவில்லை. கேட்கக் கையில் ஒரு காகிதமும் இல்லை.

நகரத்தார் வீட்டுக் கல்யாணத்திலேயே இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். சொந்தத்துக்குள்ளேயே எழுத்து வேண்டியிருக்கும்போது வியாபாரத்துக்கு வேண்டாமா? ஒரு பக்கம் போதும்: என்ன வேலை, எத்தனை திருத்தம் (நான் இரண்டோடு நிறுத்துவேன்), பாதிப் பணம் முன்பணம், மீதி எந்தத் தேதிக்குள். கூடவே ‘முழுத் தொகை வந்த பிறகே எழுத்தின் உரிமை மாறும்’ என்று ஒரு வரி. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்காதவர் எழுதியதன் முதல் உரிமை எழுதியவருடையது. எழுத்து மூலம் கொடுத்தால்தான் அது கை மாறும். உங்கள் விடுதிக்காரருக்கு இதையே முதலில் கடிதமாக அனுப்புங்கள். கோபம் வேண்டாம், தேதிகளும் தொகையும் போதும்.

அடுத்த வேலை தொடங்கும் முன், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள். அரசின் தளத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது, காசு கேட்கும் இடைத்தரகர் தளங்களிடம் போகாதீர்கள். பதிந்த சிறு தொழிலுக்கு 15 நாளில் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென்று அரசிடம் புகார் செய்யலாம். இந்தச் சட்ட விதியைப் பில்லின் அடியில் அச்சடித்த பிறகு எனக்குப் பணம் வரும் வேகமே மாறிவிட்டது.

ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா? பில்லில் 10 சதவிகிதம் பிடித்துக்கொள்கிறார்களே?

சேவைக்கு வருட வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை தமிழ்நாட்டில் பதிவு கட்டாயமில்லை. பிடித்தது டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி; உங்கள் பேன் எண்ணில்தான் வரவாகியிருக்கும். வருமான வரித் தளத்தில் சரிபாருங்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றால், ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அந்தப் பணம் திரும்ப வரும்.