கிரீன் கார்டு வாங்கி ஐந்தாண்டு ஆகவில்லை. ஸ்னாப் உணவு உதவி கேட்கலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் வசிக்கிறோம். 2008-இல் கோவையில் எங்கள் திருமணம் நடந்தது. என் கணவர் 2010-இல் மாணவர் விசாவில் அமெரிக்கா வந்து முதுகலை முடித்தார். 2012 அக்டோபர் முதல் எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் தொடர்ந்து வேலை பார்த்தார். எங்கள் இருவருக்கும், கோவையில் பிறந்த 15 வயது மகளுக்கும், அவருடைய வேலை வழியாக 2022-இல் கிரீன் கார்டு கிடைத்தது. ஒன்பது வயது மகன் இங்கேயே பிறந்தவன். 2025 ஆகஸ்டில் கணவருக்கு வேலை போய்விட்டது. வேலையிழப்புக் காப்பீட்டுத் தொகையும் விரைவில் நின்றுவிடும். 67 வயதான என் மாமியார் எங்களுடன் இருக்கிறார். டெக்சாஸில் இருக்கும் கணவரின் அண்ணன், அமெரிக்கக் குடிமகன் என்பதால், மனுச் செய்து 2023-இல் அவருக்குக் கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்தார். மாமியாருக்குத் தமிழக அரசின் குடும்ப ஓய்வூதியம் மாதம் 22,000 ரூபாய் ஊரில் உள்ள வங்கிக் கணக்கில் சேர்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அமெரிக்க அரசு தரும் ஸ்னாப் உணவு உதவிக்கு நாங்கள் விண்ணப்பிக்கலாமா? ஐந்து வருடம் முடியாமல் வாய்ப்பே இல்லை என்கிறார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் கேட்டால்கூட நாளை குடியுரிமை கிடைக்காது என்றும், கணவரின் அண்ணன் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும் என்றும் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் குடும்பத்தில் நான்கு பேருக்கு இன்றே தகுதி இருக்கிறது, உங்கள் மாமியாருக்கு மட்டும் இப்போதைக்கு இல்லை. ஸ்னாப் சட்டம் ஒரு குடும்பத்தை மொத்தமாக எடைபோட்டு "உண்டு", "இல்லை" என்று சொல்வதில்லை. குடியேற்றத் தகுதியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்க்கிறது. அதன் பிறகே குடும்ப வருமானத்தைக் கணக்கிடுகிறது. இதைக் கவனிக்காததால்தான் உங்களைப் போன்ற பலர் விண்ணப்பப் படிவத்தைத் தொடாமலேயே இருந்துவிடுகிறார்கள்.

முதலில், 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் ஸ்னாப் பெறத் தகுதியுள்ள வெளிநாட்டவரின் பட்டியலை வெகுவாகச் சுருக்கிவிட்டது என்பது உண்மை. ஆனால் அதில் கிரீன் கார்டு வைத்திருப்போர் நீக்கப்படவில்லை. அவர்களோடு கியூபா, ஹெய்ட்டி நாட்டவரில் ஒரு பிரிவினரும், சில பசிபிக் தீவு நாட்டவரும் பட்டியலில் நீடிக்கிறார்கள். வெளியே தள்ளப்பட்டவர்கள் அகதிகளும், அடைக்கலம் பெற்றவர்களும், பரோல் எனப்படும் தற்காலிகச் சிறப்பு அனுமதியில் நாட்டுக்குள் வந்தவர்களுமே. ஆகவே "புதுச் சட்டம் வந்துவிட்டது, இனி யாருக்கும் கிடையாது" என்ற பேச்சு உங்களுக்குப் பொருந்தாது.

அடுத்தது, எல்லோரும் சொல்லும் அந்த ஐந்தாண்டு. 18 வயது நிரம்பிய கிரீன் கார்டுதாரர் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்பது பொது விதிதான். ஆனால் அதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் உங்களுக்கு மிக முக்கியமானது 40 காலாண்டு வேலைக் கணக்கு. 1996-இல் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட பொதுநலச் சீர்திருத்தச் சட்டம் குடியேறியவர்களுக்கு உணவு உதவியைப் பெருமளவு நிறுத்தியபோதே, சோஷியல் செக்யூரிட்டி என்னும் ஓய்வூதியக் காப்பீட்டு வரி கட்டி 40 காலாண்டு உழைத்தவர்களுக்கு வழியைத் திறந்தே வைத்திருந்தது. ஐந்தாண்டு வசித்தால் போதும் என்ற தளர்வு 2002-ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தில்தான் வந்தது. 40 காலாண்டு கணக்கில் உள்ள கிரீன் கார்டுதாரருக்குக் காத்திருப்பு இல்லை என்பதே ஸ்னாப்பை நடத்தும் அமெரிக்க வேளாண் துறை இன்றுவரை பின்பற்றும் விதி. இந்தியாவிலிருந்து வந்து, பத்தாண்டுக்கு மேல் எச்-1பி-யில் உழைத்து, பிறகு கிரீன் கார்டு பெறும் நம்மவர்களில் பெரும்பாலோர், கார்டு கைக்கு வரும் நாளிலேயே இந்த 40-ஐத் தாண்டியிருப்பார்கள். எச்-1பி காலத்து உழைப்பும் இந்தக் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

உங்கள் கணவரின் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆண்டுக்கு அதிகபட்சம் நான்கு காலாண்டுகள். பெயர்தான் காலாண்டு, எந்த மாதத்தில் வேலை செய்தார் என்பதைவிட, அந்த ஆண்டில் எவ்வளவு சம்பாதித்தார் என்பதே முக்கியம். 2012-இல் ஒரு காலாண்டுக்கு 1,130 டாலர் ஈட்டியிருந்தால் போதும். எனவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதச் சம்பளம் 4,520 டாலரைத் தாண்டியிருந்தாலே அந்த ஆண்டுக்குரிய நான்கும் கிடைத்துவிடும். அப்படிப் பார்த்தால் 2012 முதல் 2024 வரை மட்டுமே 52 காலாண்டுகள் சேர்கின்றன. 2025-இல் இந்தத் தொகை 1,810 டாலர். எட்டு மாதம் சம்பளம் வாங்கியவர் அந்த ஆண்டையும் எளிதாகப் பூர்த்தி செய்திருப்பார். மாணவர் விசாவில் இருந்த ஆண்டுகளை மட்டும் எண்ண வேண்டாம். அந்த விசாவில் வந்தவர்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகளில், படிப்புக்குப் பிந்தைய பயிற்சி வேலை உட்பட, பொதுவாக சோஷியல் செக்யூரிட்டி வரி பிடிப்பதில்லை. இந்தியாவில் பார்த்த வேலையும் சேராது. இரு நாடுகளுக்கும் இடையே அதற்கான உடன்படிக்கை இல்லை.

சோஷியல் செக்யூரிட்டி இணையதளத்தில் உங்கள் கணவர் தம் பெயரில் கணக்குத் தொடங்கி, ஆண்டு வாரியான வருமானப் பட்டியலை அச்சிட்டு வைத்துக்கொள்ளட்டும். ஏதாவது ஓராண்டுக்கு எதிரே சுழியம் இருந்தால், அந்த ஆண்டின் டபிள்யூ-2 (நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பள, வரிப்பிடிப்புச் சான்று) படிவத்தைத் தேடி எடுத்து, பதிவைத் திருத்தக் கோர வேண்டும். நிறுவனம் கைமாறிய ஆண்டுகளில் இத்தகைய விடுபடல் நேர்வதுண்டு.

இனி உங்களுக்கு வருவோம். எச்-1பி ஊழியரின் மனைவிக்குரிய எச்-4 விசாவில் வேலை செய்ய இயலாமல் வீட்டிலேயே இருந்தேன், எனக்கு ஒரு காலாண்டுகூட இல்லையே என்று நீங்கள் எண்ணலாம். திருமண பந்தம் நீடிக்கும்வரை, அந்தத் திருமணக் காலத்தில் கணவர் ஈட்டிய காலாண்டுகள் அனைத்தையும் மனைவியின் கணக்கிலும் சட்டம் வரவு வைக்கிறது. 2008-இல் திருமணம் நடந்திருப்பதால் அவருடைய 52-ம் உங்களுக்கும் உரியவை. விவாகரத்தானால் இந்த வரவு போய்விடும். திருமணப் பதிவுச் சான்றிதழின் நகலை விண்ணப்பத்தோடு கொடுங்கள்; தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்படும்.

மகளுக்கு 18 வயது ஆகாததால் காத்திருப்பு இல்லை. 18 நிரம்பிய பிறகும், அவள் சிறுமியாக இருந்த காலம்வரை பெற்றோர் ஈட்டிய காலாண்டுகள் அவளுக்குத் துணைநிற்கும். மகன் பிறப்பால் குடிமகன்; அவனைப் பற்றிக் கேள்வியே எழவில்லை.

மாமியாரின் நிலைதான் வேறு. காலாண்டு வரவு கணவனிடமிருந்து மனைவிக்கும், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கும் செல்லுமே தவிர, பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குச் செல்லாது. ஆகவே 2028-இல் அவருக்கு ஐந்தாண்டு நிறையும்வரை அவர் தகுதியற்றவர். விண்ணப்பத்தில் அவரை "உதவி கோராதவர்" என்று குறிப்பிடுங்கள். அப்படிக் குறிப்பிட்டால் அவருடைய குடியேற்ற விவரத்தையோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ கேட்டு வற்புறுத்த அலுவலகத்துக்கு உரிமையில்லை. ஆனால் அவருடைய வருமானத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனெனில் நீங்கள் ஐவரும் ஒரே சமையலில் உண்கிறீர்கள்.

அந்த 22,000 ரூபாயைப் பற்றி எழுதியது நல்லதாயிற்று. "அது ஊரில்தானே விழுகிறது, இங்கே யாருக்குத் தெரியப்போகிறது" என்ற எண்ணம் வேண்டாம். எந்த நாட்டில் வரும் வருமானமும் வருமானமே. அதை ஏறக்குறைய 250 டாலர் என்று கொள்வோம். வழக்கமான முறைப்படி அதை ஐந்து பங்காக்கி, மாமியாருக்குரிய ஒரு பங்கான 50 டாலரைக் கழித்துவிட்டு, மீதி 200 டாலரை மட்டும் உங்கள் நால்வரின் வருமானத்தோடு சேர்ப்பார்கள். இந்த 200 டாலரை மறைப்பதால் கிடைக்கும் லாபம் அற்பம். வேண்டுமென்றே மறைத்ததாக நிரூபணமானால் முதல் தடவைக்கே 12 மாதம் உதவி நிறுத்தப்படும். பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தை பற்றிய கேள்வியும் எழும். குடியுரிமைக்கு உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறதே தவிர, முறையாகப் பெற்ற உணவு உதவியில் இல்லை.

வருமான வரம்பைப் பொறுத்தவரை நியூ ஜெர்சி தாராளமான மாநிலம். பல மாநிலங்களில் வறுமைக்கோட்டின் 130 விழுக்காடு வரம்பாக இருக்க, இங்கே 185 விழுக்காடு. நால்வருக்கு அது மாதம் 4,950 டாலருக்குச் சற்று மேல் வருகிறது. சேமிப்பு எவ்வளவு என்று பெரும்பாலான குடும்பங்களிடம் கேட்பதுமில்லை. 2025-இல் இம்மாநிலத்தின் அதிகபட்ச வேலையிழப்புத் தொகை வாரத்துக்கு 875 டாலர், அதாவது மாதம் 3,790 டாலர் அளவில். அதைப் பெற்றுக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள். அப்போது கிடைக்கும் உதவி சிறியதாக இருக்கலாம். என்றாலும் தகுதியுள்ள குடும்பத்துக்கு மாதம் 95 டாலருக்குக் குறையாமல் இம்மாநிலம் வழங்குகிறது. காப்பீட்டுத் தொகை நின்றவுடன் அதை அலுவலகத்துக்குத் தெரிவித்தால் தொகை உயரும். 2025 அக்டோபர் முதல் நால்வருக்கான உச்ச அளவு 994 டாலர். வாடகைச் சீட்டையும் மின்சார, எரிவாயுக் கட்டண ரசீதுகளையும் கொடுக்க மறவாதீர்கள். அவற்றைக் காட்டாவிட்டால் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகை குறைந்து உதவியும் குறையும். புதிய சட்டம் கடுமையாக்கிய வேலை நிபந்தனையும், அதை நிறைவேற்றாதோருக்கு மூன்று மாதம்தான் உதவி என்ற வரம்பும், வீட்டில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளை இருப்பதால், பெற்றோராகிய உங்களைத் தற்போது தொடாது.

அரசுக்குச் சுமையாகிறவர் என்ற காரணம் காட்டிக் குடியேற்ற உரிமையை மறுக்கும் விதி, அடிப்படையில் கிரீன் கார்டு கேட்கும் கட்டத்துக்கு உரியது. குடியுரிமை விண்ணப்பத்தில் அந்தச் சோதனை கிடையாது. 2020-இல் நடைமுறைக்கு வந்த ஒரு விதி ஸ்னாப்பையும் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தது. மறு ஆண்டே அது நீக்கப்பட்டது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதி ஸ்னாப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த விதியைத் திரும்பப் பெறும் முன்மொழிவை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2025 நவம்பரில் வெளியிட்டிருப்பதால், இனிமேல் கிரீன் கார்டுக்கு மனுச் செய்யப்போகும் உறவினர் எவரேனும் இருந்தால், அவர் உதவி கோரும் முன் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள வேண்டும். கார்டு கையில் இருக்கும் உங்களுக்கு நான் தரும் எச்சரிக்கை ஒன்றே: தொடர்ச்சியாக 180 நாளுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்பினால் புதிதாக நுழைபவராகக் கருதப்பட்டு இச்சோதனைக்கு உள்ளாக நேரிடலாம். ஊருக்குப் போனால் ஆறேழு மாதம் இருந்துவிட்டு வரும் பழக்கம் மாமியாருக்கு இருந்தால், அதை அவரிடமும் சொல்லிவையுங்கள்.

கணவரின் அண்ணன் கையெழுத்திட்ட ஐ-864 என்னும் பொருளாதவி உறுதிமொழி உங்கள் மாமியாருக்காக மட்டும் கொடுக்கப்பட்டது. மாமியார் உதவி பெறாதவரை அண்ணனிடம் யாரும் பணம் கேட்க முடியாது. நீங்களும் உங்கள் கணவரும் வேலை வழியாகக் கிரீன் கார்டு பெற்றவர்கள். நிறுவனத்தில் உறவினருக்குக் கணிசமான பங்கு இருந்தாலொழிய உங்களுக்கு அத்தகைய உறுதிமொழியே இருந்திருக்காது. 2028-இல் மாமியாருக்காக விண்ணப்பித்தால் மட்டுமே அண்ணன், அண்ணி இருவரின் வருமானத்திலும் ஒரு பகுதியை மாமியாருடையதாகக் கொள்வார்கள். அப்போது மாமியார் குடியுரிமை பெற்றுவிட்டால் அந்தப் பொறுப்பு அத்தோடு முடிகிறது.

இந்தப் பதிலைப் படிக்கும் வேறு இரு சாராருக்கும் ஒரு சொல். எச்-1பி, எச்-4, எஃப்-1 (மாணவர்) போன்ற தற்காலிக விசாவில் இருப்போருக்கு, எத்தனை காலாண்டு வரி கட்டியிருந்தாலும், ஸ்னாப் கிடையாது. அவர்களுடைய குடிமகனான பிள்ளைக்குக் கேட்கலாம். இலங்கையிலிருந்து வந்து அடைக்கலம் பெற்ற நம் மக்கள் 2025 ஜூலைக்கு முன் தகுதியுடையவர்களாக இருந்தார்கள். இப்போது கிரீன் கார்டு கிடைக்கும்வரை இல்லை. ஆனால் கார்டு கிடைத்த பின் அவர்கள் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்று வேளாண் துறை 2025 டிசம்பரில் திருத்திய விளக்கத்தில் தெளிவுபடுத்தியிருக்கிறது. அடைக்கலம் பெற்று ஓராண்டு ஆனவுடன் கிரீன் கார்டுக்கு மனுச் செய்யலாம். அதைத் தள்ளிப்போடுவது இப்போது சாப்பாட்டுச் செலவைத் தொடும் விஷயமாகிவிட்டது.

விண்ணப்பத்தை இணையத்திலோ உங்கள் கவுண்டியின் (மாவட்டத்தின்) சமூக சேவை அலுவலகத்திலோ கொடுக்கலாம். 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நேர்காணலுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் கட்டணமின்றி ஏற்பாடு செய்வது அவர்கள் கடமை. கார்டில் உள்ள 2022 என்ற ஆண்டைப் பார்த்தவுடன் "ஐந்தாண்டு ஆகவில்லை" என்று அலுவலர் வாய்மொழியாகத் திருப்பி அனுப்ப முயலக்கூடும். அப்போது வாதாட வேண்டாம். "40 காலாண்டு விதிவிலக்கின் கீழ் விண்ணப்பிக்கிறோம்" என்று விண்ணப்பத்திலேயே எழுதி, வருமானப் பட்டியலையும் திருமணச் சான்றிதழையும் இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிவிடுங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால் எழுத்துப்பூர்வமான மறுப்பைக் கேட்டுப் பெற்று, 90 நாளுக்குள் மேல்விசாரணை கோருங்கள். உங்கள் கவுண்டியில் உள்ள இலவசச் சட்ட உதவி அமைப்புகள் இத்தகைய விசாரணைகளில் கட்டணமின்றி ஆஜராகின்றன.