ஒட்டியதும் கியூபிசம்தான்

கேள்வி: கியூபிசம் என்ற ஓவியப் பாணிக்கு மூன்று கட்டங்கள் என்கிறார்கள். பொருளைக் கனசதுரங்களாக உடைப்பதுதான் கியூபிசம் என்றால், கடைசியில் தாளை வெட்டி ஒட்டியதையும் ஏன் அதே கணக்கில் சேர்க்கிறார்கள்? வரைய அலுத்துப்போய் ஒட்டினார்களா?

பதில்: அலுப்பு இல்லை, நெருக்கடி. நீங்கள் சறுக்கியது 'கனசதுரம்' என்ற சொல்லில். அது ஓவியர்கள் வைத்துக்கொண்ட பெயரல்ல. மார்செய் அருகே லெஸ்தாக்கில் ஜார்ஜ் பிராக் வரைந்த வீடுகளை 1908 நவம்பரில் ஓவிய வணிகர் கான்வைலர் பாரிஸில் காட்சிக்கு வைத்தபோது, விமர்சகர் லூயி வாக்செல் அடித்த கிண்டல். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த வீடுகளையே பாருங்கள். கதவு, ஜன்னல் கிடையாது. வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வருவதில்லை. ஒரு கூரையின் விளிம்பு மூடாமல் பக்கத்துச் சுவரோடு கலந்துவிடும். முந்தைய தலைமுறை ஓவியர் செசானிடமிருந்து வந்த இந்தத் திறந்த விளிம்புதான் விஷயம், கனசதுரமல்ல. முதல் கட்டம் இது. பயிற்சிக்காக இன்று வரைபவர்கள் தவறுவதும் இங்கேதான். முகத்தை ஒழுங்காக வரைந்துவிட்டு ஸ்கேல் வைத்து முக்கோணமாக அறுப்பார்கள். கிடைப்பது சர்ச் ஜன்னல் கண்ணாடி.

1910 முதல் 1912 வரை, பகுப்பாய்வுக் கட்டம் என்கிறார்களே, அப்போது அந்தத் திறந்த விளிம்புகள் பெருகின. காவி, பழுப்பு, சாம்பல் தவிர மற்ற நிறங்கள் ஏறக்குறைய வெளியேறின. ஒரு ஆரஞ்சை ஆரஞ்சு நிறத்தில் தீட்டினால் கண் அங்கேயே நின்றுவிடும். தளம் தளமாக நகராது. நடுவில் அடர்ந்த தளங்கள் ஓரத்துக்குப் போகப்போக நீர்த்தன. மூலைகளில் வேலையில்லை; அதனால்தான் முட்டைவடிவக் கான்வாஸ்கள். 1910இல் பிகாசோ வரைந்த கான்வைலர் உருவப்படத்தில் ஆளைக் கண்டுபிடிக்க உதவுபவை கோர்த்த கைகள், கடிகாரச் சங்கிலி, தலைமுடியின் அலை போன்ற சில துப்புகள் மட்டுமே. இன்னும் ஓரடி போனால் ஆளே இல்லை. பிகாசோ, பிராக் இருவருக்கும் அது வேண்டாம். எந்தப் பொருளையும் காட்டாத அருவ ஓவியம் அவர்கள் நோக்கமே அல்ல.

தப்பிக்கும் வழியைக் காட்டியவர் பிராக். வீடுகளுக்கு வர்ணமடிக்கும் அலங்கார வேலை கற்றவர். வெட்டுத்தகடு வைத்துப் பதிக்கும் ஸ்டென்சில் எழுத்தும், சீப்பால் இழுத்துப் போலி மரரேகை போடுவதும் அவருக்குக் கைவந்தவை. 1911இல் 'போர்த்துக்கீசியர்' படத்தில் ஸ்டென்சில் எழுத்துகளைப் பதித்தார். எழுத்துக்கு ஆழம் கிடையாது, கான்வாஸின் மேல்தோலில் கிடக்கும். மற்றவை அதற்குப் பின்னே தள்ளிப்போகும். 1912இல் பிகாசோ பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியை ஒட்டி, சுற்றிலும் கயிறு கட்டினார். அதே ஆண்டு செப்டம்பரில் சோர்க் ஊரில் பிராக், மரரேகை அச்சிட்ட சுவர்த்தாளைத் துண்டுபோட்டு ஒட்டி, மேலே கரித்துண்டால் பழத்தட்டும் கிளாசும் வரைந்தார்.

இங்கே வேலையின் வரிசை தலைகீழானது. முன்பு பொருளில் தொடங்கி அடையாளத்துக்கு வந்தார்கள். இப்போது தாள்துண்டில் தொடங்குகிறார்கள். கீழே ஒட்டிய துண்டின் மேல் சின்ன வட்டம் ஒன்று. அந்தத் துண்டு மேசை இழுப்பறை ஆகிவிடுகிறது. கோடு ஒரு பக்கம் போகும், நிறம் இன்னொரு பக்கம் கிடக்கும். ஒன்றுக்கொன்று கட்டுப்பட வேண்டியதில்லை. துரத்தப்பட்ட நிறங்கள் திரும்பிவர இதுவே வழிவிட்டது. தொகுப்புக் கட்டம் என்பது இதைத்தான். ஆக, கட்டங்களுக்கு நடுவே வேலி போட்டவர்கள் பின்னால் வந்தவர்கள். ஓவியர்களுக்கு அது ஒரே கணக்கின் அடுத்த வரி.

அப்புறம், மியூசியத்தில் இந்தக் காலத்து ஒட்டுச்சித்திரங்களைப் பார்த்தால், செய்தித்தாளின் இதமான பழுப்பை பிகாசோவின் தேர்வு என்று மெச்சிவிடாதீர்கள். மலிவான மரக்கூழ்த் தாள், நூறாண்டில் பழுத்துவிட்டது. ஒட்டிய அன்று அது வெளிறிய சாம்பல். பக்கத்தில் கரிக்கோடு இன்றைவிடக் கடுமையாகத் தெரிந்திருக்கும்.