எட்டு வயதுக் குழந்தைக்கு உலகின் பாலைவனங்களையும் காடுகளையும் பனிநிலங்களையும் எப்படி அறிமுகப்படுத்துவது?

படப்புத்தகம் வாங்கித் தந்தும் குழந்தை புரட்டிவிட்டு மூடிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. பாலைவனம் என்றால் ஒட்டகம், பனி என்றால் கரடி என்று என் மகள் ஒப்பித்தாளே தவிர, அந்த நிலம் ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்வி அவளுக்கு எழவே இல்லை. ஆகவே விலங்குகளை ஒதுக்கிவிட்டு மழையிலிருந்து தொடங்கினேன்.

சென்னையில் ஓராண்டில் சராசரியாக 1,400 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. மகளைச் சுவரோரம் நிறுத்தி, அவள் தலைக்குச் சற்று மேலே அந்த உயரத்தில் சாக்கட்டியால் கோடு போட்டேன். பாலைவனத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு 250 மி.மீ.; அந்தக் கோடு அவள் முழங்காலுக்குக்கூட எட்டவில்லை. சிரபுஞ்சிக்குக் கோடு போட மூன்று மாடி ஏற வேண்டும் என்றதும் அண்ணாந்து பார்த்தாள். அண்டார்க்டிகாவின் உட்பகுதியும் முழங்கால் கோட்டுக்குக் கீழேதான், எனவே அதுவும் பாலைவனமே என்றபோது, அப்படியானால் அவ்வளவு பனி எங்கிருந்து வந்தது என்று சண்டைக்கு வந்தாள். கொஞ்சமாக விழுந்தாலும் உருகாமல் பல லட்சம் ஆண்டுகளாகச் சேர்ந்தது என்று விளக்க வேண்டியதாயிற்று.

நிலநடுக்கோட்டில் சூடாகி மேலெழும் காற்று தன் ஈரத்தை அமேசான், காங்கோ காடுகளின்மேல் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக 30 பாகை அட்சரேகையை ஒட்டிக் கீழிறங்குவதால்தான் வடக்கே சகாராவும் அரேபியப் பாலையும், தெற்கே ஆஸ்திரேலியப் பாலைகளும் அமைந்தன என்பதை உலக உருண்டையில் விரல் வைத்துக் காட்டினேன்.

வடதுருவத்தை ஒட்டி, அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்க, கோடையில் மேல்மண் மட்டும் இளகும் தூந்திரா நிலத்துக்கு ஃப்ரீசர் உதவியது. டம்ளரில் ஈரமண்ணை நிரப்பி உறையவைத்து வெளியே எடுத்தோம். முதல் முறை பக்கங்களும் சேர்ந்து இளகிவிட்டதால் ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் டம்ளரைப் பழைய துண்டால் சுற்றி வைத்தேன். மேல்மண் மட்டும் இளகியதும் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினோம்; இறங்க வழியில்லாமல் அது தேங்கி நின்றது. மகள் பென்சிலைக் குத்திப் பார்த்தாள். அரை அங்குலத்திலேயே நின்றுவிட்டது. மழை குறைந்த தூந்திரா கோடையில் சேறும் குட்டையுமாக ஆவதற்கும், அங்கே செடிகள் ஆழமாக வேர்விட முடியாததற்கும் இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சவானா புல்வெளிக்கு மட்டும் இப்படியொரு சோதனை எனக்கு அகப்படவில்லை. அங்கே மரங்கள் அடர்ந்துவிடாமல் தடுப்பதில் மழையோடு காட்டுத்தீக்கும் மேயும் விலங்குகளுக்கும் பங்குண்டு. அதைச் சமையலறையில் செய்துகாட்ட முடியாது என்பதால், ஒதுக்கிவைத்த விலங்குகளை அந்த இடத்தில் திரும்ப அழைத்துக்கொண்டேன்.