வாசகர் கேள்விகள்: ஒயர் எரிக்கிற புகை

கேள்வி: எங்கள் தெருக்கோடியில் இருக்கிற காயலான் கடையில் வாரத்துக்கு இரண்டு தடவை பழைய ஒயர்களைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். கேட்டால், "அரை மணி நேரம்தான்க்கா, காத்துல போயிடும்" என்கிறான் கடைப் பையன். நிஜமாகவே போய்விடுமா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: நாற்றம் போய்விடும். ஒயரின் மேல்தோல் பெரும்பாலும் பிவிசி என்கிற பிளாஸ்டிக், அதில் குளோரின் இருக்கிறது, உள்ளே இருப்பது செம்பு. அரைகுறையாக எரிந்த புகை ஆறிக்கொண்டே வரும்போது, சுமார் 400 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்குள், டையாக்சின் என்கிற கொடிய விஷம் உருவாகிறது. அதற்கு வினையூக்கியே அந்தச் செம்புதான். பையன் எதை எடுக்கக் கொளுத்துகிறானோ, அதுவே விஷத்தையும் சமைத்துக் கொடுக்கிறது.

இந்த டையாக்சின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் தங்கும். சாம்பலிலும் புல்லிலும் படிந்ததைத் தெருவில் மேயும் மாடு தின்றால் பாலில் வரும், எத்தனை தடவை பொங்கக் காய்ச்சினாலும் போகாது. மனிதர்களுக்குள் போவதில் 90 சதவீதத்துக்கு மேல் இப்படிச் சாப்பாட்டு வழியாகத்தான். போனதில் பாதி வெளியேறவே 7 முதல் 11 வருடம் ஆகும்.

எண்டோசல்ஃபான் மாதிரி பூச்சிமருந்து என்றால் 2011-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது போல உற்பத்தியையே நிறுத்தலாம். 2001-ல் உருவாகி 2006-ல் இந்தியாவும் ஏற்ற, எளிதில் அழியாத நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தில் டையாக்சினும் இருக்கிறது, ஆனால் அதை யாரும் வேண்டுமென்று தயாரிப்பதில்லையே, எந்த ஆலையைப் பூட்டுவது? தீ வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தாராளமாகப் புகார் எழுதுங்கள். ஆனால் நானாக இருந்தால் முதலில் கடைக்காரரிடம் பேசுவேன்: எரித்துக் கறுத்த செம்பைவிட, தோலை உரித்து எடுத்த பளபளப்பான செம்புக்கு விலை கூடுதல், உரிக்க மெஷினும் இருக்கிறது. அப்புறம், அந்தச் சாம்பல் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள், செடிக்கும் போட வேண்டாம்.

கேள்வி: போகிக்கு டயரை விட்டுவிட்டோம். பாய், துணி மட்டும் எரிக்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: கோரைப் பாயா, பிளாஸ்டிக் பாயா? துணியிலும் இப்போது பாலியெஸ்டர்தான் அதிகம். கோரையாகவே இருந்தாலும், மார்கழிப் பனியில் புகை மேலே போகாது. 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திரும்பின. குப்பை வண்டியில் போட்டுவிடுங்கள் சார்.