அவதூறு வழக்கு இருக்கட்டும், அந்த மெயில்களை என்ன செய்யப்போகிறீர்கள்?

கேள்வி: தனியார் நிறுவனத்தில் 8 ஆண்டுகளாக விற்பனை மேலாளராக இருக்கிறேன். உற்பத்திப் பிரிவு மேலாளர் என்மீது எம்.டி.யிடம் தொடர்ந்து பொய்ப் புகார் சொல்கிறார், மீட்டிங்கில் அவமானப்படுத்துகிறார். இப்போது எனக்கு மெமோ வந்துவிட்டது. அவருடைய மெயில்கள், விலைப்பட்டியல், ஆர்டர் விவரங்கள் எல்லாவற்றையும் ஆதாரத்துக்காக என் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். அவதூறு வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், பயன் இருக்காது. மேலதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுத்த புகார் என்று பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356-ஆம் பிரிவின் விதிவிலக்கை அவர் பிடித்துக்கொள்வார். மீட்டிங்கில் யார் என்ன பேசினார்கள் என்பதை மறந்துவிடுங்கள்.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் மேலாளர். செய்வது உண்மையிலேயே நிர்வாக வேலை என்றால் சட்டம் உங்களைத் தொழிலாளியாகக் கருதாது, லேபர் கோர்ட்டுக்குப் போக முடியாது. தனியார் வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி சிவில் கோர்ட்டும் பொதுவாக உத்தரவிடாது. நியமனக் கடிதத்தில் 2 மாத நோட்டீஸ் என்றிருந்தால், ஜெயித்தாலும் பெரும்பாலும் அந்த 2 மாதச் சம்பளம்தான்.

போகிற போக்கில் ஜிமெயில் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அதுதான். என்னிடம் வருகிற மேலாளர்கள் பலர் சிக்குவது இங்கேதான். மெமோ பதிலோடு அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து இணைப்பார்கள். தாளின் தலைப்பிலேயே அவர்களுடைய சொந்த முகவரி, இரவு 11.40 என்ற நேரம் எல்லாம் இருக்கும். எச்.ஆர். அடுத்த வாரமே சண்டையை விட்டுவிட்டு, தகவல் திருட்டு என்று புதுக் குற்றச்சாட்டு கொடுப்பார். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளில் போலீஸ் புகாரும் வரலாம்: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். வேண்டுமென்றே நிறுவனத்துக்கு நஷ்டம் ஏற்படுத்தியதாகச் சொல்லி வேலையை விட்டு நீக்கினால், அந்த நஷ்ட அளவுக்குக் கிராஜுவிட்டியிலும் கை வைப்பார்கள். எதிராளி அதுவரை தேடிக்கொண்டிருந்த ஆயுதத்தை நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி.

அதற்காகப் பதறிப்போய் அழிக்கவும் வேண்டாம், அதுவும் ஆதாரத்தை அழித்ததாகப் பேசப்படும். யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். அப்படியே ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். மெமோவுக்குக் கெடுவுக்குள் அரைப் பக்கம் பதில் போதும்: குற்றச்சாட்டை மறுத்து, புகாரின் நகலைக் கேளுங்கள். அந்த உற்பத்தி மேலாளரைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

அப்புறம், பேசி முடித்துக்கொண்டு வெளியே வாருங்கள். நோட்டீஸ் சம்பளம், கிராஜுவிட்டி, ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று. இவற்றோடு, நிறுவனத்தின் தகவல்களைத் திருப்பி ஒப்படைத்துவிட்டார், இனி இருதரப்புக்கும் எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது அதை வாங்குங்கள். உற்பத்தி மேலாளரிடமிருந்து மன்னிப்புக் கடிதம் மட்டும் கேட்காதீர்கள், பேச்சுவார்த்தை அங்கேயே முறிந்துவிடும்.