நெட்ரன்னர் முறை வந்தால் மற்றவர்கள் போனை எடுக்கிறார்கள்

கேள்வி: நண்பர்கள் நால்வருக்கு சைபர்பங்க் ரெட் என்ற, மேசையில் பகடை உருட்டி ஆடும் பாத்திர ஆட்டத்தை நடத்துகிறேன். ஹேக்கர் பாத்திரமான நெட்ரன்னர் கணினிக்குள் நுழைந்தால் அரை மணி நேரம் அவர் மட்டும்தான் ஆடுகிறார். அந்தப் பாத்திரத்தையே நீக்கிவிடலாமா? அல்லது வேறு விதிப்புத்தகம் வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் மேசையில் ஓடுவது 1990-இல் வந்த ‘சைபர்பங்க் 2020’ காலத்துப் பழக்கம். அதில் நெட்ரன்னர் எங்கோ உட்கார்ந்துகொண்டே உள்ளே நுழையலாம். 2020-இல் வெளியான ‘ரெட்’ அதை மாற்றிவிட்டது: இணைப்புமுனையிலிருந்து 6 மீட்டருக்குள் அவர் நிற்க வேண்டும். அதாவது, குண்டு பாயும் அதே அறையில்.

அவருடைய முறையையும் மற்றவர்கள் முறையோடு சேர்த்தே நடத்துங்கள். காவலன் சுடுகிறான், சோலோ என்ற சண்டைக்காரப் பாத்திரம் மேசைக்குப் பின்னால் பதுங்குகிறார். அடுத்து நெட்ரன்னர்: கடவுச்சொல்லின் கடினம் 8, அவருடைய இன்டர்ஃபேஸ் (ஹேக்கிங் திறன்) 4, பகடையில் 5, மொத்தம் 9. உடைந்தது. புதிய நெட்ரன்னருக்கு ஒரு முறைக்கு 3 நெட் செயல்கள் (கணினிக்குள் செய்யும் செயல்கள்) உண்டு. அவை முடிந்ததும் உடனே அடுத்தவரிடம் போய்விடுங்கள். கணினி இயக்கும் கூரைத் துப்பாக்கி நெட்ரன்னர் கைக்கு வருமா என்று சோலோ தவிப்பார். போன் ஞாபகமே வராது.

சண்டையே இல்லாத திருட்டு நுழைவில்தான் இது உதவாது. முறை வரிசை இல்லாததால் நெட்ரன்னர் மீண்டும் தனியாள் ஆகிவிடுவார். அப்போது நீங்களே ஒரு வரிசை போடுங்கள். நெட்ரன்னர் கணினிக்குள் ஒரு தளம் (அடுக்கு) இறங்கினால், வெளியே ஒரு நிகழ்வு: காவலன் கதவருகே வருகிறான், ஒருவர் அவனிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். அடுத்த தளம், லிஃப்ட் மேலே வருகிறது. இதற்கு விதி தேட வேண்டாம், மேசையில் 6 காசுகளை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தாலே போதும்.

புத்தகம் வாங்கும் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன்: ‘முழுத் தொகுப்பு, பாதி விலை’ என்று ஸ்கேன் கோப்பு விற்கிறவர்களிடம் போகாதீர்கள். பழைய ‘சைபர்பங்க் 2020’ நூலையும் ரெட்டையும் கலந்து தலையில் கட்டிவிடுவார்கள். உங்கள் குழப்பமே அப்படித் தொடங்கியிருக்கலாம். ‘ஈஸி மோட்’ என்ற சுருக்க விதிநூலைப் பதிப்பகமான ஆர். டல்சோரியனே இலவசமாகத் தருகிறது. 450 பக்கத்துக்கு மேல் போகும் மூலநூலில் இந்த 6 மீட்டர் விதி முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும். நடத்துபவர்தான் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது என்பது எனக்குத் தீராத கோபம்.

அடுத்த அமர்வுக்கு 4 தளங்கள் மட்டும் வரையுங்கள். கடைசித் தளத்தில், சோலோவுக்குத் தேவையான ஏதாவது ஒரு கோப்பை வையுங்கள்.